என் கையால் பொருத்தியது

டிரை ஃபோர்க் துப்பாக்கிக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்ட் மாதப் போட்டியன்று காலையில், சுடப்போகிற ஒவ்வொருவரும் தங்கள் தோட்டாப் பெட்டியை மேசைமேல் திறந்து வைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "என் கையால் வார்த்தது, என் கையால் அளவாக்கியது, என் கையால் பொருத்தியது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய தோட்டாவுக்கு அங்கே இடமில்லை. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டில் புது வெடிமருந்து நிரப்பி, அதன் வாயில் அந்தக் குண்டைத் தாங்களே பொருத்திச் சுடுகிறவர்களின் போட்டி அது. மொன்டானாவின் அந்தக் காய்ந்த பள்ளத்தாக்கில் ஆண்கள் தேவாலயத்தில்கூட அவ்வளவு பயபக்தியோடு தொப்பியைக் கழற்றியதில்லை.

ஆர்விட் ஸ்டென்சன் அந்த மூன்று வாக்கியங்களையும் இருபது வருடத்துக்கு மேல் சொன்னான். பாதிக்கு மேற்பட்ட வருடங்கள் பரிசான வெள்ளித் தட்டும் அவனுக்குத்தான் வந்தது. கழகத்துச் சுவரில் இருக்கும் மரப்பலகையில் அவன் பெயர் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அவன் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பின்னால் காப்பிப் பிளாஸ்க்கோடு நின்றவள் அவன் மனைவி செல்மா. வார்த்தது அவள். அளவாக்கியது அவள். பொருத்தியதும் அவள்தான். அவன் சுட்டான். நன்றாகச் சுட்டான், அதை மறுக்கக் கூடாது. ஆனால் சமைத்தவளை விட்டுவிட்டுப் பரிமாறினவனுக்கு மாலை போடுகிற ஊர் அது.

கல்யாணமான புதிதில் ஆர்விட்தான் அந்தச் சாமான்களையெல்லாம் வாங்கி வந்தான். செம்பு உறை போட்ட கடைக்குண்டுகளைக் கூட்டில் பொருத்த அவனுக்குத் தெரியும். அது பெரிய வித்தையில்லை. ஈயம் வார்க்கிறதில்தான் அவன் பொறுமை தீர்ந்துபோனது. அச்சு சூடேறும் முன்பே ஊற்றுவான். குண்டெல்லாம் கிழவி முகம்போலச் சுருங்கி விழும். ஒரு நாள் சட்டியைக் கால்மேல் கவிழ்த்துக்கொள்ளப் பார்த்தான். "இந்த ஒரு தடவை நீ செஞ்சு குடு" என்று கேட்டான். ஒரு தடவை என்று தொடங்குகிற வேலை எதுவும் ஒரு தடவையோடு முடிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

செல்மா ஊரின் டயர் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். சக்கரத்தின் ஓரத்தில் சமநிலைக்காக அடிக்கிற ஈயக்கட்டிகள் பழசானால் வாளியில் போடுவார்கள். அந்த வாளியைச் சனிக்கிழமைதோறும் வீட்டுக்குத் தூக்கி வருவாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கே உருக்கி, மேலே மிதக்கும் கசடை அள்ளியெறிந்து, அச்சில் ஊற்றி, சுருக்கம் விழுந்ததை மறுபடி சட்டியிலேயே போட்டு, மழமழவென்று விழுந்ததை மட்டும் பழைய போர்வையில் வரிசையாக வைப்பாள். பிறகு ஒவ்வொன்றையும் அளவுத் துளைக்குள் நிறுத்திக் கைப்பிடியை அழுத்த வேண்டும். குண்டு ஒரே பருமனாகி, இடுப்புப் பள்ளத்தில் தேன்மெழுகு ஏறி வெளியே வரும். குழலின் உள்விட்டத்தைவிட அது ஒரு மயிரிழை பெரிதாக இருந்தாக வேண்டும். சிறுத்தால் குழலில் ஆடிக்கொண்டே போகும். ஈயம் உள்ளே அப்பிக்கொள்ளும். கைப்பிடியை இறக்கும்போது தன் தோளில் ஏறுகிற அழுத்தத்தை வைத்தே, இது சரி, இது சொத்தை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

கடைசி வேலை பொருத்துவது. ஈயம் மெத்தென்ற சாமான். கூட்டின் வாய் விளிம்போ கத்தி. அதனால் பொருத்துவதற்கு முன் அந்த வாயைக் கூம்பு முனையால் ஒரு துளி விரித்துவிட வேண்டும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். விரிக்காமல் அழுத்தினால் விளிம்பு குண்டின் பக்கத்தைச் சீவிவிடும். செம்பு உறைக் குண்டுக்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. அப்புறம், குண்டின் மூக்கு குழலுக்குள் திருகுபோல ஓடும் புரியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற ஆழம் எது என்று பார்க்க வேண்டும். செல்மா குண்டின் மூக்கை மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கி, துப்பாக்கியில் நுழைத்து எடுத்து, புரி கீறிய தடத்தைப் பார்த்து ஆழத்தைத் திருத்துவாள். எந்தத் தோட்டா நேராகப் போகிறது என்று சோதிக்க, பின்பக்கத்துச் சரளைக் குழியில் அவளே சுட்டும் பார்ப்பாள். அந்தக் குழியில் அவள் சுட்ட இலக்குத் தாள்களை யாருக்காவது காட்டியிருந்தால் ஊர் வாயைப் பிளந்திருக்கும். அவள் அவற்றை அடுப்பு மூட்ட எடுத்துக்கொள்வாள்.

இதில் அவளுக்கு வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அது பல்வலிபோல வந்து வந்து போகிற வருத்தம். அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் அது தெரியும், உள்ளுக்குள் கூசிக்கொண்டுதான் சொல்கிறான் என்று நம்பினாள். ஒரு நாள் அவனே வாயைத் திறந்து, "இதெல்லாம் என் பொண்டாட்டி கை" என்பான் என்று காத்திருந்தாள். இலவு காத்த கிளிக்குக்கூட அவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

அப்புறம் ஆர்விட்டின் கண் போனது. முழுதாக இல்லை, பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம். கதவு தெரியும், கதவின் கைப்பிடி தெரியாது. ஆள் தெரியும், முகம் தெரியாது. இருநூறு கஜத்திலிருக்கும் கறுப்புப் புள்ளியை இனி அவன் கனவில்தான் பார்க்க முடியும். துப்பாக்கி அலமாரியில் ஒரு வருடம் தூங்கியது. அடுத்த வருடம் மே மாதத்தில், முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்மா சொன்னாள்.

"ஆகஸ்ட்ல நான் சுடலாம்னு இருக்கேன், ஆர்விட்."

"எங்க?"

"எங்கயா? கழகத்துலதான். ஒரே ஒரு தடவை. என் பேரும் அந்தப் பலகையில ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

ஆர்விட் ரொட்டியை முட்டையில் தோய்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே, "சரி, சுடு. நான் வந்து உக்காந்து பாக்கறேன்" என்றான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கோடையில் அவள் வார்த்த குண்டுகளைப்போல அதற்கு முன் வார்த்ததில்லை. ஆயிரத்தில் பொறுக்கி நூறாக்கினாள், நூறிலும் கழித்து அறுபதாக்கினாள்.

போட்டிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது கிரேட் ஃபால்ஸில் இருக்கிற அவள் தங்கை ஹல்டா மாடிப்படியில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். செல்மா கிளம்பியாக வேண்டும். குண்டெல்லாம் அளவாகி மெழுகேறி நிற்கிறது. கூடுகளும் துடைத்துத் தயார். வாயை விரித்து, மருந்து போட்டு, பொருத்துவதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை திரும்பி வந்து முடித்துவிடலாம் என்று கொட்டகையைப் பூட்டப் போனாள்.

"சாவியைக் குடு. நான் பொருத்தி வைக்கறேன்" என்றான் ஆர்விட்.

"உனக்குக் கண்ணு..."

"கண்ணுதான் இல்ல, கை இருக்குல்ல? எத்தனை வருசம் நீ எனக்காக அந்தக் கொட்டாயில குந்தியிருக்கே. இந்தத் தடவை உனக்கு நான் செய்யறேன். போய் ஹல்டாவைப் பாரு."

கல்யாணமானதிலிருந்து அவள் கேட்க ஏங்கிய வாக்கியத்தில் இது பாதியாவது இருக்கும். மருந்தைப் பற்றிப் பயமில்லை. அது பருத்த மருந்து. அவள் வெட்டி வைத்த பித்தளைக் கரண்டியால் ஒரு முறை அள்ளிப் போட்டால் கூட்டின் கழுத்து வரை வந்துவிடும். தெரியாமல் இரண்டு கரண்டி போட நினைத்தாலும் கொள்ளாது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் திரும்பியபோது பெட்டி சமையல் மேசைமேல் இருந்தது. மூடியில் ஒரு பட்டை ஒட்டி, கோணல்மாணலாக 'செல்மா' என்று எழுதியிருந்தான். உள்ளே தோட்டாக்கள் துடைத்துப் பளபளவென்று வரிசையில் நின்றன. ஒன்றை எடுத்தாள். விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறது அவள் வழக்கம். நகத்தை விளிம்பு வரை கொண்டுபோனாள், ஓட்டவில்லை. நிமிர்ந்தாள். ஆர்விட் எதிரில் நின்று, சாம்பல் வட்டத்துக்கு ஓரமாகத் தலையைச் சாய்த்து, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? தோட்டாவைத் திரும்ப வைத்துவிட்டு அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கெட்டிக்காரப் பெண்கள் ஏமாறுகிற இடம் இதுதான். கோபத்தில் ஏமாற மாட்டார்கள். ஆசையாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

மறுநாள் காலை, போட்டிக்குத் தலைவனான டெல்மர் கூச் பெயரைக் கூப்பிட்டதும் செல்மா மேசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். தொப்பி அவளிடம் இல்லை. தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்தாள். "என் கையால் வார்த்தது" என்றாள். "என் கையால் அளவாக்கியது" என்றாள். மூன்றாவதில் நாக்கு நின்றது. ஆர்விட் பொருத்தியது என்றால் விதிப்படி அவள் அப்போதே வெளியே. அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். இவன் மூன்றையும் சொன்னானே, நான் ஒன்றைச் சொல்லக் கூடாதா என்று நினைத்தாள். "என் கையால் பொருத்தியது" என்றாள்.

முதல் குண்டு இலக்குப் பலகையின் மூலையைத் தொட்டது. காற்று என்று நினைத்தாள். இரண்டாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. மூன்றாவதைச் சுடும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். துப்பாக்கி அசையவில்லை, விரல் பதறவில்லை. சுற்று முடிந்து தாளை எடுத்து வந்தார்கள். இரண்டு மூன்று ஓட்டைதான் இருந்தது. அதுவும் வட்ட ஓட்டை இல்லை. குண்டு குட்டிக்கரணம் போட்டுப் பக்கவாட்டில் மோதிக் கிழித்த நீளக் கிழிசல்.

பக்கத்து மேசையில் சுட்ட ரஸ் ஹாலரன் தாளை உயர்த்திப் பிடித்து வெயிலில் பார்த்தான். "அடடா, சாவித் துவாரமால்ல போட்டிருக்கே! யார் வீட்டைத் திறக்கப் போறே?"

டெல்மர் அவள் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தான். குண்டைக் கழற்றுவதற்கென்றே இருக்கிற பொள்ளல் சுத்தியலின் தலைக்குள் மாட்டி, கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினான். குண்டு தனியாகக் கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சீவப்பட்டு வெள்ளையாக மின்னியது. மெழுகுப் பள்ளமே அந்தப் பக்கம் இல்லை. கூட்டின் வாயில் ஈயச் சுருள் ஒன்று மோதிரம்போல ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாயை விரிக்காமப் பொருத்தியிருக்கே, செல்மா" என்றான். திட்டவில்லை, பரிதாபமாகத்தான் சொன்னான். அது இன்னும் மோசம்.

"அம்மணி, இது ஈயம்" என்றான் ரஸ். "உருளைக்கிழங்குன்னு நெனச்சுத் தோல் சீவிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். செல்மா ஆர்விட்டைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வான். நான்தான் செய்தேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்பான். ஆர்விட் காப்பியை ஒரு வாய் குடித்தான்.

"நான் சொன்னேன், வாயை விரின்னு" என்றான். "கேட்டாத்தானே? எல்லாத்துலயும் அவசரம்."

சிரிப்பு இன்னொரு சுற்று எழுந்தது. செல்மாவுக்குக் காதெல்லாம் கொதித்தது.

"இதைப் பொருத்தினது ஆர்விட்" என்றாள்.

 ரஸ் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

"ஆர்விட்டா?" என்றான் டெல்மர். "இத்தனை தட்டு வாங்கினவன் வாயை விரிக்க மறப்பானா? இவன் தோட்டாவை நான் எத்தனை வருசம் இந்த மேசையில சோதிச்சிருக்கேன் தெரியுமா? ஒண்ணுல ஒரு கீறல் பாத்ததில்ல."

"அதெல்லாம் நான் பொருத்தினது. வார்த்தது, அளவாக்கினது எல்லாமே நான்தான். இதை மட்டும்தான் அவன் பொருத்தினான். இதைப் பாத்தாலே தெரியலையா உங்களுக்கு?"

"காலையில தலைத்துணியை அவுத்துட்டு என்ன சொன்னே?"

"அது பொய்."

"அப்ப இது?"

 அவள் பார்த்துப் பார்த்துச் செய்த ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் அத்தனையும் அங்கே எழுந்து நின்று ஆர்விட்டுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூடச் சொத்தையாக இல்லாமல் போனதுதான் அவள் செய்த தப்பு.

"ரஸ் வண்டியில பொருத்துற சாமான் இருக்கு" என்றாள்.  "அவன்கிட்ட ஒரு கூடு குடுங்க. இங்கயே பொருத்திக் காட்டட்டும்."

"கண்ணு போன மனுசனை இப்படியா நிக்க வெப்பாங்க?" என்றான் டெல்மர். இப்போது அவன் முகத்தில் பரிதாபம்கூட இல்லை.

"அப்ப என்கிட்ட குடுங்க. கண்ணைக் கட்டிட்டுப் பொருத்தறேன்."

"நீ பொருத்துவே. யார் இல்லேங்கறா? இத்தனை வருசம் ஆர்விட் சொல்லிக் குடுத்தது வீணாவா போயிடும்?" டெல்மர் அவள் பெட்டியை மூடி அவள் பக்கம் நகர்த்தினான். "உன் வாயாலயே பொய்யின்னு சொல்லிட்டே. இனிமே இந்த மேசையில உனக்கு இடமில்ல, செல்மா. இந்த வருசம் மட்டுமில்ல."

அவன் ஆர்விட்டின் தோளில் கை வைத்து அழுத்தினான். ஆர்விட் எதையோ பெருந்தன்மையாக மன்னிக்கிறவன்போலத் தலையை ஆட்டினான். மற்றவர்கள் அடுத்த சுற்றுக்குப் போனார்கள்.

டெல்மரின் மனைவி பெர்னிஸ் காப்பிக் கூடாரத்திலிருந்து வந்து செல்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "வா, ஹக்கிள்பெரிப் பழப் பலகாரம் வெட்டணும். கத்தி ஒண்ணுதான் இருக்கு, எனக்குக் கை வலிக்குது."

"நீயாவது நம்பறியா, பெர்னிஸ்?"

"நம்பறேன்." பெர்னிஸ் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நான் நம்பி என்ன பண்ண? சத்தம் போடாம வா."

செல்மா மத்தியானம் வரை அந்தப் பலகாரத்தைத் துண்டு போட்டாள். ஊதா நிறம் விரலிடுக்கெல்லாம் ஏறியது. வெள்ளித் தட்டை ரஸ் வாங்கினான். அவன் பேச்சில் ஆர்விட்டைத் தன் குரு என்று குறிப்பிட்டான். எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை செல்மாதான் ஓட்டினாள். இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட கோதுமை வயல். 

"அடுத்த வருசம் மறந்துடுவானுங்க" என்றான் ஆர்விட். "டெல்மர்கிட்ட நான் பேசறேன்."

"பொருத்தும்போது ஈயம் சுருண்டு வந்திருக்குமே. கைக்குத் தெரியலையா?"

"வந்துச்சு. மெல்லிசா, நூல் மாதிரி. நல்லா இறுக்கமா உக்காருதுன்னு நெனச்சேன். எல்லாத்தையும் துடைச்சு வெச்சேன்ல?"

"வாயை விரிக்கணும்னு உனக்குத் தெரியாதா?"

"கடைக்குண்டுக்கு யாரு விரிக்கறாங்க?"

"அப்புறம் ஏன் அங்க 'நான் சொன்னேன்'னு சொன்னே?"

அவன் யோசித்தான். தப்பித்துக்கொள்ள யோசிக்கிறவன்போல இல்லை. உண்மையாகவே நினைவைத் துழாவினான். "டெல்மர் சொன்னதும், சொல்லியிருப்பேன்னு தோணுச்சு. நான்தானே உனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன்."

செல்மா வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தினாள். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"ஆர்விட், ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருசமா அந்தக் கொட்டாயில நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நீ நெனச்சே?"

"இதென்ன கேள்வி? எனக்கு ஒத்தாசையா இருந்தே." அவன் கையை நீட்டி, தடவித் தேடி, அவள் முழங்காலைக் கண்டுபிடித்துத் தட்டிக் கொடுத்தான். "உன்னை மாதிரி ஒத்தாசை பண்ற பொண்டாட்டி யாருக்கு வாய்க்கும்?"

அவன் முகத்தில் துளிக் கள்ளமில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு பொய்யனை மன்னித்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். பொய்யன் பரவாயில்லை, உண்மையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்பது பொய்யனுக்காவது தெரியும், என்றைக்காவது எடுத்துக் கொடுப்பான். இவனிடம் எடுத்துக் கொடுக்க எதுவுமே இல்லை. தொப்பியைக் கழற்றி நின்ற ஒவ்வொரு வருடமும் இவன் சத்தியத்தைத்தான் சொல்லியிருக்கிறான்.

பின்னால் வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. செல்மா தன் முழங்காலிலிருந்த அவன் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.